மறுமுனையில் ஓர் ஆள்

2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் இணையச் சேவைக்கு மூடுவிழா நடத்தியது. அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு ஒரு தீர்ப்பும் பரவியது: டயல்-அப் என்பதே முடிந்துபோன கதை; இனியும் ஒரு மோடத்தைத் தொலைபேசிக் கம்பியில் மாட்டி, பழைய பாணி பிபிஎஸ் பலகை நடத்துகிறவர்கள் தங்கள் இளமைக்கால நினைவுகளை வருடிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதைத்தான் நம்புகிறார்கள். தெரிந்தவர்கள்கூடப் பரிவோடு சிரித்துவிட்டு இதையே சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பு அடியிலிருந்து தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏஓஎல் விற்றது இணையத்துக்கு ஒரு வாசல். உங்கள் மோடம் அவர்களுடைய எண்ணைக் கூப்பிடும். அவர்கள் உங்களை வெளியுலகத்தோடு இணைப்பார்கள். பிபிஎஸ் அப்படிப்பட்டது இல்லை. யாரோ ஒருவர் தன் வீட்டில் ஒரு கணினியையும் மோடத்தையும் வைத்து, அதன் தொலைபேசி எண்ணை வெளியிடுகிறார். நீங்கள் கூப்பிடுகிறீர்கள். அவருடைய மோடம் எடுக்கிறது. அதன்பின் உங்கள் திரையில் வருவதெல்லாம் அவருடைய கணினியிலிருந்து வருபவை: மடல்கள், விவாதங்கள், கோப்புகள், விளையாட்டுகள். நடுவில் இணையமே கிடையாது. இது ஒரு சாதாரணத் தொலைபேசி அழைப்பு. பேசுபவை இரண்டு மோடங்கள் என்பது ஒன்றுதான் வேறுபாடு. ஆகவே ஏஓஎல் கடையை மூடியதால் ஒரு பிபிஎஸ்கூட நின்றுபோகவில்லை, நிற்கவும் காரணமில்லை.

இனி, பழைய நினைவுகளில் மூழ்குவது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதற்கு இடம்கொடுத்ததில் பிபிஎஸ் ரசிகர்களுக்கும் பங்குண்டு. மோடத்தின் கீச்சொலியைப் பதிவுசெய்து அழைப்பு மணியாக வைத்துக்கொள்கிறார்கள், கறுப்புத் திரையில் ஒளிரும் வண்ண எழுத்துகளைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். தொடங்கிவைத்தவர்களுக்கு இந்த அழகுகளில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. 1978 ஜனவரியில் சிகாகோ பனிப்புயலில் முடங்கிக் கிடந்தபோது வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தங்கள் கணினி ஆர்வலர் சங்கத்துக்காக ஒரு ஏற்பாட்டை யோசித்தார்கள். உறுப்பினர்கள் தகவல்களைத் தொலைபேசிவழி போட்டு எடுத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சங்கத்தைக் கூட்டிக் குழு அமைத்தால் இழுத்தடிக்கும் என்று இருவருமே செய்துமுடித்தார்கள். கிறிஸ்டென்சன் நிரல் எழுதினார், சூஸ் வன்பொருளைக் கட்டினார். பிப்ரவரி 16 அன்று சிபிபிஎஸ் என்ற அந்தப் பலகை இயங்கத் தொடங்கியது. அது சூஸின் வீட்டில் வைக்கப்பட்டதற்குக் காரணம் அவருடைய வீடு சிகாகோ நகர எல்லைக்குள் இருந்ததுதான். நகரத்தில் உள்ளவர்கள் வெளியூர்க் கட்டணம் இல்லாமல் கூப்பிடலாம். முதல் பலகை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது தொலைபேசிக் கட்டணம்.

பிறகு வந்த வளர்ச்சியையும் கட்டணமே வழிநடத்தியது. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிடோநெட்டைத் தொடங்கியபோது, பலகைகள் ஒன்றையொன்று நள்ளிரவுக்குப் பின் கூப்பிட்டு மடல்களை மாற்றிக்கொள்ளும்படி அமைத்தார். இரவில் வெளியூர் அழைப்பு மலிவு. இரவு பதினோரு மணி ஆகட்டும், கால்வாசிக் கட்டணம்தான் என்று எஸ்டிடி பூத் வாசலில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை. பகலில் ஒருவர் எழுதிய மடல் இரவோடு இரவாக ஊர்விட்டு ஊர் தாவி, ஓரிரு நாளில் இன்னொரு கண்டத்தில் ஏதோ ஒரு வீட்டுக் கணினியில் போய் இறங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் உலகெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்கள் அதில் இருந்தன. தலைமையகம் கிடையாது. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சிசாப் உண்டு. பலகையை நடத்துகிறவரை அந்த வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மின்சாரக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம், பஞ்சாயத்து, பழுதுபார்ப்பு எல்லாம் அவர் தலையில்.

என் வாதம் முழுவதும் அந்த சிசாப் மேல்தான் நிற்கிறது. ஒரு பலகையில் நீங்கள் எழுதுவது எங்கே இருக்கிறது, யார் வைத்திருக்கிறார், யார் நீக்குவார், தகராறு வந்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே மனிதர் விடையாக இருக்கிறார். இந்த ஏற்பாட்டை இன்றைக்கும் ஓடும் நிலையில் வைத்திருப்பதே பிபிஎஸ் நடத்துவதன் பொருள். மற்றவை எல்லாம் உபரி.

மெதுவானது என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். முதல் பலகையின் வேகம் நொடிக்கு 300 பிட். நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து வரும். எண்பது எழுத்து அகலமும் இருபத்துநாலு வரி உயரமும் உள்ள ஒரு திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். சரளமாக ஆங்கிலம் படிக்கிறவரின் கண்ணும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடுகிறது. 2400 பிட் மோடத்தில் அதே திரை எட்டு நொடியில் நிரம்பிவிடும். எவராலும் அதற்கு ஈடுகொடுத்துப் படிக்க முடியாது. படமும் காணொளியும் அனுப்ப இது உதவாது, ஒப்புக்கொள்கிறேன். உரையாடலுக்கு இது என்றைக்கும் போதாமல் இருந்ததில்லை. தமிழுக்கு மட்டும் ஒரு கூடுதல் சுமை உண்டு. இன்றைய யூனிகோட் முறையில் (யூடிஎஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கிறது. ஆக 2400 பிட்டில் நொடிக்கு 80 குறிகள்தான் வரும். அதுவும் படிக்கும் வேகத்துக்குப் போதும்.

மெதுவே நல்லது, ஒரே ஒரு இணைப்பில் ஒருவர் மட்டும் வரமுடிந்ததே சிறப்பு என்று சிலர் பாடுகிறார்கள். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. எண் எப்போதும் பிஸியாக இருப்பதில் எந்த ஞானமும் இல்லை. பணம் இருந்த சிசாப்புகள் பத்து, இருபது இணைப்புகள் வாங்கினார்கள், அவர்களுடைய பலகைகள் அதனால் கெட்டுவிடவில்லை.

நான் அவ்வப்போது கூப்பிடும் ஒரு பலகையில் ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு விவாதத்தில் என் பதிவு ஒன்று காணாமல் போயிருந்தது. அதைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே திரை துடைக்கப்பட்டு, மேலே சிசாப்பின் பெயர் வந்தது. நான் தட்டுவதை அவர் தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பலகையில் நேரடிப் பேச்சு என்பது எழுத்தெழுத்தாக வரும். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார், நிறுத்தினார், பின்னோக்கி அழித்தார், வேறு மாதிரி எழுதினார். வட்டு பழுதானதில் இரண்டு நாள் பதிவுகள் போய்விட்டன, உங்களுடையதை நான் நீக்கவில்லை, காப்புப்பிரதி எடுக்காதது என் தவறு என்றார். ஒரு பெருநிறுவனத்தின் தளத்தில் பதிவு காணாமல் போனால் எனக்கு வருவது ஒரு படிவம். அதற்குப் பின்னால் யாராவது இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. இங்கே ஒருவர் தயங்கி, அழித்து, திருத்தி எனக்குப் பதில் சொன்னார். பொறுப்பு என்று நான் சொல்வது இதை.

அந்த சிசாப் கொடுங்கோலனாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். பலகையில் நீங்கள் இன்னொருவருக்கு எழுதும் தனிமடலை சிசாப் நினைத்தால் படிக்கலாம். பல பலகைகள் அந்த உண்மையை நுழைவிலேயே அறிவித்துவிடும். கண்காணிப்பே இல்லாத சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. யார் படிக்கக்கூடும் என்பது உங்களுக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் இன்னொரு எண்ணைச் சுழற்றலாம், முடிந்தால் நீங்களே ஒன்று தொடங்கலாம் என்கிறேன். ஃபிடோநெட்டின் விதித்தொகுப்பு நீளமானது. ஆனால் வழக்குகளைத் தீர்க்கும் முறையை அது இரண்டே கட்டளைகளில் அடக்கிவிட்டது. பிறரை அளவுக்கு மீறி எரிச்சலூட்டாதே; நீயும் எளிதில் எரிச்சலடையாதே.

சட்டம்கூட இந்தச் சின்னப் பலகைகளின் வழியாகத்தான் சில பாடங்களைக் கற்றது. 1990 மார்ச் 1 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டு வெளியீட்டகத்தில் அமெரிக்க ரகசியச் சேவைத் துறை புகுந்தது. அங்கே இயங்கிய பலகையின் கணினியை, பயனர்களின் படிக்கப்படாத மடல்களோடு தூக்கிக்கொண்டு போனது. வழக்கு நடந்தது. 1993இல் நீதிமன்றம் அரசு சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. மின்மடலுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதற்கான ஆரம்பகாலத் தீர்ப்புகளில் அது ஒன்று. டிஜிட்டல் உரிமைகளுக்காக இன்று உலகறிந்த எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் உருவானதற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம்.

பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இரண்டு பலகைகளை அறிந்துகொள்ள வேண்டும். 1985இல் சான் பிரான்சிஸ்கோவில் பென் கார்டினர் எய்ட்ஸ் இன்ஃபோ பிபிஎஸ் தொடங்கினார். நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் பயந்த காலம். மருத்துவச் செய்திகளைத் தேடிச் சேர்த்து வைத்தார். கூப்பிட்டவர்கள் கேள்வி கேட்டார்கள், ஒருவருக்கொருவர் பதில் எழுதினார்கள். முகம் காட்டாமல், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல், தன் அறையிலிருந்தே ஒருவர் கேட்க முடிந்தது.

மற்றது யூகோஸ்லாவியப் போரில் பிறந்தது. குரோஷியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையே நேரடித் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஜாக்ரெபில் இருந்த போர் எதிர்ப்பாளர்களால் பெல்கிரேடில் இருந்த தங்கள் தோழர்களைக் கூப்பிட முடியவில்லை. இரண்டு ஊர்களிலிருந்தும் ஜெர்மனியைக் கூப்பிட முடிந்தது. 1992இல் இரு நகரங்களிலும் பலகைகள் வைக்கப்பட்டன. இரண்டும் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரத்துப் பலகையைக் கூப்பிட்டு மடல்களை மாற்றிக்கொண்டன. அந்த வலையத்துக்கு ஜமீர் என்று பெயர். ‘அமைதிக்காக’ என்று பொருள். பிறகு முற்றுகையில் இருந்த சராயேவோவும் அதில் சேர்ந்தது. பிரிந்துபோன உறவினர்களைத் தேடிய மடல்கள் அதன் வழியாகப் போயின. எதிரிநாட்டுக் குடிமக்கள் என்று இரண்டு அரசுகளும் முத்திரை குத்திய மனிதர்கள் அதில் பேசிக்கொண்டார்கள். அதற்குத் தேவைப்பட்டவை சில பழைய கணினிகள், சில மோடங்கள், ஒவ்வொரு முனையிலும் அவற்றைக் கவனித்துக்கொள்ள ஒருவர். மிகச் சிறிய ஏற்பாடு. சிறியதாக இருந்ததால்தான் அவர்களால் அதை அமைக்கவும் முடிந்தது.

இதெல்லாம் பழைய கதை, இன்று யார் வருகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. எழுத்துத் திரை மட்டுமே கொண்ட பலகை இன்றைக்கு எடுபடாது என்பவர்கள் தைவானைப் பார்க்கட்டும். 1995இல் தைவான் தேசியப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடங்கிய பிடிடி இன்னும் அதே எழுத்துத் திரையோடு இயங்குகிறது. ஒரே நேரத்தில் ஒன்றரை லட்சம் பேர் வரை அதில் கூடியிருக்கிறார்கள். லாபநோக்கமற்றது. 2019 டிசம்பர் 31 அதிகாலையில் வூஹானில் பரவும் மர்மக் காய்ச்சல் பற்றிய பதிவு அதில்தான் வந்தது. தைவானின் நோய்த்தடுப்பு அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துத் துறையை உஷார்ப்படுத்தினார். பிடிடி தொலைபேசிவழிப் பலகை இல்லை என்பது எனக்குத் தெரியும். வண்ண எழுத்துத் திரை கிழவர்களின் விளையாட்டு என்ற எண்ணத்துக்கு மட்டும் அது பதில்.

தொலைபேசிவழிப் பலகைகளுக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் தலையை எண்ணி மதிப்புப் போடுகிற வழக்கத்தைத் தமிழ் வாசகர்கள் ஏற்கக்கூடாது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ சிற்றிதழ் சில நூறு பேரைத்தான் எட்டியது. அதை வாராந்தரிகளின் விற்பனையோடு ஒப்பிட்டு யாராவது தோல்வி என்று சொன்னால் நாம் கேட்டுக்கொண்டிருப்போமா? ஒருவர் கைக்காசைப் போட்டு, தன் ரசனைக்குத் தானே பொறுப்பேற்று, தன்னைத் தேடிவரும் சிலருக்காக நடத்துகிற இடத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும். அது நமக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து, எதிர்வாதங்களில் வலுவானது: தாமிரக் கம்பியே போகிறது. பிரிட்டன் 2027 ஜனவரிக்குள் பழைய தொலைபேசி வலையத்தை அணைக்கப்போகிறது. பல இடங்களிலும் அழைப்புகள் இணையப் பொட்டலங்களாகத்தான் போகின்றன. மோடம் எப்படி வேலை செய்யும்?

செய்கிறது, சிரமப்பட்டுச் செய்கிறது. இணையவழி அழைப்பு ஒலியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்பும்; பெரும்பாலும் நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு ஒரு துண்டு. நடுவில் ஒன்று தொலைந்தால் மனிதக் காதுக்குத் தெரியாது, மோடத்துக்கு அது ஒரு வெட்டு. அதனால் சிசாப் முதலில் ஒலியைச் சுருக்காத ஜி.711 முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிரொலி நீக்கத்தையும் மௌனத்தை அமுக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். இரண்டுமே மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை, மோடத்தின் ஒலியை அவை சிதைத்துவிடும். பிறகு மோடத்தின் வேகத்தைக் கீழே பூட்ட வேண்டும். தானே தேர்ந்தெடுக்க விட்டால் அது 33,600 பிட்டுக்கு ஆசைப்பட்டு இணைந்து, சில நிமிடத்தில் அறுந்துவிடும்; 9,600க்கோ 2,400க்கோ கட்டிப்போட்டால் மணிக்கணக்கில் நிற்கும். இதையெல்லாம் இன்று செய்துகொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பாடு, இணையத்திலேயே டெல்நெட் வழியாக வைத்துவிடலாமே என்பார்கள். பல பலகைகள் அப்படித்தான் இயங்குகின்றன, அவற்றின் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் டெல்நெட்டுக்கான 23ஆம் எண் வாசலை இணையத்தில் திறந்து வையுங்கள். கடவுச்சொல்லை முயன்று பார்க்கும் தானியங்கி நிரல்கள் சற்று நேரத்திலேயே வந்து மொய்க்கும். 2016இல் பெரும் தளங்களை முடக்கிய மிராய் என்ற தீநிரல் அந்த வாசல் வழியாகத்தான் லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. இணையத்தில் ஓர் இடம் வைத்திருக்க டொமைன் விற்பவர், சர்வர் வாடகைக்குத் தருபவர், தாக்குதலைத் தடுப்பவர் என்று ஒவ்வொருவர் தயவும் வேண்டும். அவர்களில் யாராவது ஒருவர் முகம் சுளித்தால் இடம் காலி. தொலைபேசி எண்ணுக்கு இந்தச் சங்கிலி இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் வேலை அழைப்பை இணைத்துவிடுவது. உள்ளே என்ன பேசுகிறீர்கள் என்பது அதன் விஷயம் இல்லை. அத்துமீற நினைப்பவர் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு முழு அழைப்பைச் செய்தாக வேண்டும், இணைப்புக்காக அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். எழுதியதையெல்லாம் வாரிக்கொண்டு போகும் நிரல்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. பழைய முறை பாதுகாப்பில்லாதது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்துபார்த்ததாகத் தெரியவில்லை.

ஒருவரை நம்பிய இடம் அவர் களைத்துப்போனால் என்ன ஆகும் என்ற கவலை உண்டு. ஆனால் நிறுவனத்தை நம்பிய இடங்களும் நிலைக்கவில்லை. தமிழில் இணையத்துக்கு வந்த ஆரம்பத் தலைமுறையில் பலர் எழுதிப் பழகியது மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில். 2020 டிசம்பரில் யாஹூ அந்தச் சேவையையே மூடியது. அதற்குமுன் உறுப்பினர்களுக்குச் சில மாத அவகாசம் கிடைத்தது. முடிந்தவர்கள் முடிந்ததை எடுத்துக்கொண்டார்கள், மற்றது போயிற்று. ஆர்குட் 2014இல் போனதும் அப்படித்தான். ஒரு பிபிஎஸ் என்பது ஒரு வட்டில் ஒரு கோப்புறை. சின்க்ரோநெட் போன்ற பலகை மென்பொருள்கள் திறந்த மூலநிரலாக இலவசமாகவே கிடைக்கின்றன. சிசாப் ஓய்வு பெற நினைத்தால் அந்தக் கோப்புறையை நகலெடுத்து, நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் கொடுத்து, எண்ணை மாற்றிவிட்டால் போதும். பழைய மடல்களோடும் பழைய சண்டைகளோடும் பலகை அடுத்த வீட்டில் ஓடும். அதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படாது.